இரண்டாவது ஆடு

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

காலை 5.30-க்கு முதல் மணி. 6-க்கு இரண்டாம் மணி. பீடத்துக்கு ஊதா விரிப்பு போட்டாயிற்று. போன வருஷத்துக் குருத்தோலைகளை எரித்துச் சாம்பலைச் சலித்துக் கொடுத்தேன். மோட்டார் ரூம் பல்பு மாற்ற வேண்டும்.

இந்த டைரி புதுப் போதகர் கொடுத்தது. கிப்சன் ஐயா வந்து எட்டு மாதம் ஆகிறது, வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். "அண்ணே, என்னென்ன வேலை எப்ப செஞ்சீங்கன்னு தினம் ரெண்டு வரி எழுதி வைங்க. பின்னால வேற யாரும் வந்தா உதவும்" என்றார். கோயில் குட்டியார் வேலைக்கு வாசலில் வரிசை நிற்கிறது என்று நினைத்துவிட்டார் போல. மணி அடிக்க, கதவு திறக்க, பெஞ்சு துடைக்க, திருவிருந்துக்குத் திராட்சரசம் காய்ச்ச, இறந்தவர்களுக்குக் குழி வெட்ட, தாபோர்விளையில் முப்பத்தோரு வருஷமாக நான் ஒருவன்தான். என் பெயர் ஏசுவடியான். அதைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் ஊரில் யாரும் இல்லை.

என் மனைவி ஞானப்பூ இறந்து இன்றோடு நாற்பது நாள். நான் இதுவரை அழவில்லை. அழக் கூடாது என்று இருக்கவில்லை, வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, அது மாதிரி அவ்வப்போது பார்த்துக்கொள்கிறேன். மரத்துத்தான் கிடக்கிறது.

பிப்ரவரி 20, வெள்ளி

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து காலம், அதற்கான வேதபாடம் இன்று ஆரம்பம். மாலை 6.30. நாற்பத்திரண்டு பேர். ஆறு வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்து ஒரே தலைப்பு, பாவநிவாரணம். ஜனங்கள் நோட்டும் பேனாவுமாக வந்திருந்தார்கள். மைக் இரைந்தது, ஒயரை ஆட்டிச் சரிசெய்தேன்.

இன்றைக்கு லேவியராகமம் பதினாறு. வருஷத்துக்கு ஒரு நாள் ஆசாரியன் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டுவந்து சீட்டுப் போடுவானாம். ஒன்றை வெட்டி அதன் இரத்தத்தை உள்ளே கொண்டுபோய்த் தெளிப்பான். இரண்டாவதை வெட்டுவதில்லை. அதன் தலைமேல் இரண்டு கையையும் வைத்து, ஜனங்கள் செய்த அக்கிரமம் எல்லாவற்றையும் சொல்லி, ஓர் ஆள் வசம் கொடுத்து வனாந்தரத்துக்குத் துரத்திவிடுவான். "ஒண்ணு பாவத்துக்காகச் சாகுது. இன்னொண்ணு பாவத்தைச் சுமந்துகிட்டுக் கண்காணாம போகுது. ரெண்டு ஆடும் சேர்ந்ததுதான் ஒரு பலி. அந்த ரெண்டு வேலையையும் சிலுவையில ஒருத்தரே செஞ்சு முடிச்சாரு" என்றார் ஐயா. நன்றாகப் பேசுகிறார். கையை ஆட்டுவதுதான் கொஞ்சம் அதிகம்.

கேள்வி உண்டா என்று கேட்டார். நான் பின்னால் ஸ்விட்ச் போர்டு பக்கம் நின்றேன். "அந்த ரெண்டாவது ஆடு திரும்பி ஊருக்குள்ள வந்துட்டா என்ன செய்வாவ ஐயா?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "குட்டியாருக்கு ஆட்டைப் பத்திக் கவலை" என்றார் லிவிங்ஸ்டன் அண்ணாச்சி. அவர் சபையின் செக்ரட்டரி, அரிசி மில் வைத்திருக்கிறார், கமிட்டியில் அவர் சொன்னதுதான் முடிவு.

ஐயா சிரிக்கவில்லை. "அது வராத தூரத்துக்குக் கொண்டுபோய் விடணும்ணே" என்றார்.

பிப்ரவரி 23, திங்கள்

கல்லறைத் தோட்டத்தில் முள் வெட்டினேன். மேலச் சுவர் ஓரம் மணல் உள்வாங்கியிருந்தது, இரண்டு கூடை மண் போட்டு மேடாக்கினேன். ஞானப்பூவின் குழி அங்கேதான் இருக்கிறது.

இதைப் படிக்கப்போகிற அடுத்த குட்டியாருக்காக எழுதி வைக்கிறேன். சபை ஒழுங்கில் இருக்கிறவர்கள், அதாவது கமிட்டி விசாரித்துத் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்தவர்கள், ஆராதனைக்கு வரலாம், கடைசி பெஞ்சில் உட்காரலாம். பந்திக்கு வர முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டால் அன்றைக்கே சேர்த்துக்கொள்வார்கள். கேட்காமல் இறந்தால் மேலச் சுவர் ஓரம்தான். மணி கிடையாது. கல் வைத்தாலும் அதில் வசனம் கிடையாது. ஞானப்பூ பதினோரு வருஷம் ஒழுங்கில் இருந்தாள். நானே குழி வெட்டினேன். மணி அடிக்கவில்லை. அடிக்கிறவனும் நான்தான், அடிக்காமல் இருந்தவனும் நான்தான்.

மகள் பெனினா திருப்பூரிலிருந்து போனில் பேசினாள். ஈஸ்டருக்குள் அம்மாவுக்குக் கல் வைக்க வேண்டும் என்கிறாள். பெயர், தேதி, கீழே கர்த்தருக்குள் நித்திரை என்று ஒரு வரி. அந்த வரிதான் சிக்கல் என்று சொன்னேன்.

"அம்மா ஒரே ஒரு தடவை முன்னால நின்னு மன்னிச்சிருங்கன்னு சொல்லியிருந்தா இதெல்லாம் உண்டாப்பா? என்ன வீம்போ அவங்களுக்கு" என்றாள்.

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிக்னல் சரியில்லாத மாதிரி இருந்துவிட்டேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

வேதபாடம் இரண்டு. முப்பத்தெட்டுப் பேர். ஏசாயா ஐம்பத்து மூன்று. நம்முடைய அக்கிரமம் அவர்மேல் விழுந்ததையும், அடிக்கக் கொண்டுபோகிற ஆடு மாதிரி அவர் வாய் திறக்காமல் இருந்ததையும் சொன்னார். "யாரும் அவர் தலையில கட்டலை. அவரா விரும்பிச் சுமந்தாரு. அதனாலதான் அது பலி. இல்லன்னா அது வெறும் அநியாயம்" என்றார்.

மறுபடியும் ஆடு. முடிந்ததும் எட்டு ஃபேனையும் அணைத்தேன்.

மார்ச் 1, ஞாயிறு

திருவிருந்து. 214 பேர். ரசம் போதுமானதாக இருந்தது. கடைசி பெஞ்சு காலி.

மார்ச் 4, புதன்

இன்று ஐயா பீடத்துக்குப் பக்கத்து அறையில், வெஸ்டிரியில் உட்கார்ந்து பழைய பதிவேடுகளைப் புரட்டினார். ஞானப்பூ பெயர் இருந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "என்னண்ணே இது, திருவிருந்தில் நன்னாரி சர்பத்ன்னு எழுதியிருக்கு?" என்று கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டார். குற்றம் சொல்ல முடியாது, யார் கேட்டாலும் சிரிப்பு வரும்.

நடந்ததைச் சொன்னேன். பதினோரு வருஷத்துக்கு முன், ஈஸ்டருக்கு மூன்று நாள் முந்தி, பெரிய வியாழன் ஆராதனை. முதல் பந்தி முழங்காலில் நிற்கிறது. லிவிங்ஸ்டன் அண்ணாச்சியின் மனைவி பாத்திரத்தில் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்து, "இது நன்னாரில்லா" என்றார்கள். வெயிலுக்கு பஸ் ஸ்டாண்டில் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுப்பானே, அதே நன்னாரி. அப்போதிருந்த ஐயா வயதானவர், ருசி தெரியாது, இருபது பேருக்குக் கொடுத்து முடித்துவிட்டார். சின்னப்பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் சிலருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆண்டவருடைய இரத்தத்துக்கு அடையாளமாக வைத்த பாத்திரம், அதில் போய் சர்பத்தா என்று ஊரே கொந்தளித்தது. ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை கமிட்டி கூடியது. ரசம் காய்ச்சுகிற ஜாடி எங்கள் வீட்டில்தான் இருக்கும். ஞானப்பூ எழுந்து, ஜாடி கை தவறி உடைந்துவிட்டது, பயந்துபோய் நான்தான் நன்னாரியைக் கலந்து ஊற்றிக் கொடுத்தேன், அவருக்குத் தெரியாது என்றாள். அவளை ஒழுங்கில் வைத்தார்கள். என்னைக் கவனமாக இருக்கச் சொல்லி எச்சரித்தார்கள்.

"இதுக்குப் போய் பதினோரு வருஷமா" என்றார் ஐயா.

"அவ மன்னிப்புக் கேட்க வரலை ஐயா."

"ஏன் வரலை?"

மாதர் சங்கத்துக்குச் சாவி கொடுக்க வேண்டியிருந்தது, போய்விட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

வேதபாடம் மூன்று. பாவம் அறியாதவரை நமக்காகப் பாவமாக்கினார் என்று பவுல் எழுதியதைப் பற்றி. அரை மணி நேரம் கரண்ட் இல்லை, எமர்ஜென்சி லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முடிந்ததும் ஐயாவும் லிவிங்ஸ்டன் அண்ணாச்சியும் என்னைக் கூப்பிட்டார்கள். ஐயா கமிட்டியில் ஞானப்பூவுக்காகப் பேசியிருக்கிறார். இறந்தவளின் பெயரை ஒழுங்கிலிருந்து எடுக்க வழி உண்டு, குடும்பத்தில் ஒருவர் பெரிய வியாழன் அன்று சபைக்கு முன்னால் நின்று அவள் சார்பில் மன்னிப்புக் கேட்டால் போதும், கல்லில் வசனமும் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவாகியிருக்கிறது. "நீரே நிக்கலாம்வே. ரெண்டு வார்த்தை, அவ்வளவுதான்" என்றார் அண்ணாச்சி. முதுகில் தட்டவும் செய்தார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 7, சனி

பெனினாவுக்கு ஐயாவே போன் செய்து சொல்லிவிட்டார். அவள் உடனே என்னைக் கூப்பிட்டாள்.

"நீங்க நிக்க வேண்டாம்ப்பா. உங்களுக்கு முட்டுவலி. அம்மாவுக்காக நான் நிக்கேன். லீவு சொல்லிட்டேன்."

"உனக்கு எதுக்கு அலைச்சல்" என்றேன்.

"உசுரோட இருக்கையில எவ்வளவு ஏசிருக்கேன். இதாவது செய்யுதேன்."

வெஸ்டிரி கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

ஒன்றும் இல்லை. மணி அடித்தேன், பெருக்கினேன்.

மார்ச் 13, வெள்ளி

வேதபாடம் நான்கு. கூட்டம் குறைகிறது, இருபத்தொன்பது பேர். ஐயா இன்று பலிகளின் பட்டியலுக்குள் போனார். சர்வாங்க தகனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி. மற்றதெல்லாம் எனக்குத் தலைக்கு மேலே போயிற்று. கடைசியில் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டேன். அயலானுக்குக் குற்றம் செய்தவன் ஆட்டுக்கடாவோடு நேரே பீடத்துக்கு வந்துவிட முடியாதாம். முதலில் குற்றத்தை வாயால் அறிக்கையிட்டு, அவனிடமிருந்து எடுத்ததைத் திரும்பக் கொடுத்து, அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் வைத்துவிட்டுத்தான் வரவேண்டும். இயேசுவும் அதையேதான் சொன்னார், காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டுப் போய் உன் சகோதரனோடு ஒப்புரவாகு என்று.

கதவு பூட்டும்போது ஐயா என்னோடு நின்றார். நான் கேட்டேன்.

"அந்த அயலான் செத்துப் போயிருந்தா?"

அவர் கையிலிருந்த வேதாகமத்தைத் தூணில் சாய்த்து வைத்துப் புரட்டினார். எண்ணாகமம் ஐந்து. "அதுக்கும் சொல்லியிருக்குண்ணே. செத்தவனோட உறவின்முறையான்கிட்டக் கொடுக்கணும். அப்படி ஒருத்தனும் இல்லைன்னாதான் ஆசாரியனுக்கு."

"அப்போ ஐயாகிட்டச் சொன்னாப் போதுமா?"

"உறவு இருந்தா உறவுகிட்டத்தான்." என் முகத்தைப் பார்த்தார். "என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. பாடத்துல ஒரு சந்தேகம்" என்றேன். இந்த மாதிரிப் பதில் சொல்ல நான் நன்றாகப் பழகியிருக்கிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

ஈஸ்டருக்கு ரசம் காய்ச்ச உலர் திராட்சை வாங்கி வந்தேன். ஜாடியைக் கழுவி வெயிலில் வைத்தேன்.

ஜாடி உடையவில்லை. எழுதிவிடுகிறேன், இதை யாரும் படிக்கப்போவதில்லை, ஐயா ஒரு நாளும் வாங்கிப் பார்த்தது இல்லை. இதே ஜாடிதான் அது. கமிட்டியில் யாரும் உடைந்த ஜாடியைக் காட்டு என்று கேட்கவில்லை. நன்னாரியைக் கலந்தது நான். பெரிய வியாழன் மத்தியானம் பார்த்தேன், ரசம் கெட்டிருந்தது. ஈஸ்டர் சமயம், கடை இல்லை, காய்ச்ச நேரம் இல்லை. அலமாரியில் நன்னாரிப் பாட்டில் இருந்தது. நிறம் ஒத்துப்போனது. ஞானப்பூ அப்போது வீட்டிலேயே இல்லை, ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள்.

கமிட்டியிலிருந்து திரும்பி நடக்கையில் அவளிடம், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"உங்க வேலை போனா வீடும் போவும். பெனினா டீச்சர் டிரெயினிங் முடிக்கணும். என்னைய என்ன செய்வாவ, ரெண்டு மாசம் பின்னால உக்கார வைப்பாவ" என்றாள்.

இரண்டு மாதத்தில் முன்னால் வந்து நின்று மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அங்கேதான் அவள் மறுத்துவிட்டாள். "கமிட்டியில சொன்ன பொய் மனுசங்ககிட்டச் சொன்னது. பீடத்துக்கு முன்னால நின்னு, செய்யாததைச் செஞ்சேன்னு ஆண்டவர்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? அதை நீங்க வேணா சொல்லுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள்.

பெனினா படிப்பு முடியட்டும் என்றேன். பிறகு அவள் கல்யாணம் முடியட்டும் என்றேன். பிறகு நானும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

வேதபாடம் ஐந்து. எபிரெயர். வருஷா வருஷம் செலுத்தின பலியெல்லாம் தீர்க்காத பாவத்தை ஒரே தரம் செலுத்தின பலி தீர்த்தது. இருபத்தாறு பேர்.

நான் விசுவாசிக்கிறேன். விசுவாசிக்காமல் முப்பத்தோரு வருஷம் மணி அடிக்க முடியாது. ஆனால் இன்று ஐயா பேசப் பேச என் மனதில் ஒன்றுமே அசையவில்லை. சுவரில் பல்லி ஓடியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 27, வெள்ளி

கடைசி வேதபாடம். சுண்டல் கொடுத்தார்கள். என்ன பேசினார் என்று நினைவில்லை.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

நானூறு ஓலை வந்தது, இருநூறு போதும் என்று போன வருஷமே சொன்னேன். பவனி முடிந்து ஓலை பொறுக்க மத்தியானம் ஆகிவிட்டது.

ரசம் காய்ச்சினேன். அடுப்பு முன்னால் நிற்கும்போது அந்தப் பழைய வாடை வந்தது. ரசம் கெட்டிருந்தது என்று பன்னிரண்டு நாள் முன்னால் எழுதியிருக்கிறேன். அதுவும் பொய்தான். யாரும் படிக்காத டைரியில்கூட எனக்குப் பொய் எழுத வருகிறது.

ரசம் கெடவில்லை, நான் குடித்துவிட்டேன். அந்த வருஷம் நாற்பது நாளைக்கு முன்பே காய்ச்சி, சர்க்கரை கூடப் போட்டு, மூடியைத் துணியால் கட்டி வைத்தேன். அது புளித்துப் பொங்கும் என்று தெரிந்தேதான் வைத்தேன். அப்போது எனக்குக் குடிப்பழக்கம் இருந்தது. ஞானப்பூவுக்கு மட்டும் தெரியும். லெந்து நாட்களில் கடைக்குப் போனால் யாராவது பார்ப்பார்கள் என்று ஆண்டவர் பந்திக்கு வைத்ததிலேயே கை வைத்தேன். புதன்கிழமை அவள் தங்கச்சி வீட்டுக்குப் போனதும் முழு ஜாடியையும் காலி செய்தேன். கவனக் குறைவு என்றால் வைத்துக்கொள்வார்கள், குடிகாரக் குட்டியாரை ஒரு மணி நேரம்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். அது தெரிந்துதான் அவள் கமிட்டியில் எழுந்தாள்.

அன்றைக்குப் பிறகு நான் குடிக்கவில்லை. அதை ஒரு பெரிய காரியமாக நினைத்துக்கொண்டு பதினோரு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

ஏப்ரல் 1, புதன்

பெனினா காலை பஸ்ஸில் வந்தாள். தனியாகத்தான் வந்தாள். குளித்துச் சாப்பிட்டுவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அடுக்களையில் நின்று மெதுவாகப் படித்துப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள், வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திப் படிக்கிறாள்.

"என் தாயார் ஞானப்பூ அம்மாள் அறியாமையினாலே செய்த பிழையை..."

அந்த இடத்தில் நிறுத்தி, "அறியாமைன்னு போடவா, அஜாக்கிரதைன்னு போடவாப்பா?" என்று கேட்டாள்.

நான் கூடத்தில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன், நாளைக்கு வேண்டிய வெள்ளிப் பாத்திரம். அதைக் கீழே வைத்தேன். "அம்மா ஒண்ணும் செய்யலை" என்றேன்.

சொல்ல ஆரம்பித்த பிறகு கஷ்டமாக இல்லை. சரக்கு இறக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். நன்னாரி, ஜாடி, நான் குடித்தது, கமிட்டியில் அவள் எழுந்தது, அடுக்களையில் சொன்னது, நான் தள்ளிப் போட்டது. பெனினா நின்றபடியே கேட்டாள். முடிந்ததும் அந்தத் தாளை நான்காக மடித்தாள்.

"என் கல்யாணத்துல எல்லாரும் பந்திக்குப் போகையில அம்மா பின்னால உக்காந்திருந்தாங்க. ஃபோட்டோவுல அப்படியே இருக்கு. அன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட, என் மானத்தை வாங்கிட்டியேன்னு கேட்டேன். நீங்க பக்கத்துலதான் நின்னீங்கப்பா."

"ஆமா."

"அம்மா என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"சாப்பிட்டியாட்டீன்னு கேட்டாங்க."

அவள் பின்வாசலுக்குப் போய் ரொம்ப நேரம் நின்றாள். உள்ளே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். "நாளைக்கு நீங்கதான் நிக்கணும். குடிச்சதையும் சொல்லணும். நான் முன் பெஞ்சுல உக்காந்து பாப்பேன்" என்றாள். என்னை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாலையில் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு எண்ணாகமத்தில் பார்த்த இடம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், "பெனினாகிட்டச் சொல்லியாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

மாலை 6.30 ஆராதனை. பிரசங்கம் முடிந்ததும் ஐயா என் பெயரைச் சொன்னார். ஏசுவடியான் என்றதும் யார் அது என்று சிலர் திரும்பிப் பார்த்தார்கள். நான் பீடத்துக்கு முன்னால் போய் நின்று சொன்னேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது, அறிவிப்பு வாசிக்கிற மாதிரி. கடைசியில், என் மனைவி ஞானப்பூ மேல் ஒரு குற்றமும் கிடையாது, அவள் எனக்காகச் சுமந்தாள், நான் சுமக்க விட்டேன் என்றேன்.

ஐயா பாவமன்னிப்பு வாசித்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை, மணி பார்ப்பது என் பிழைப்பு. 7.20-க்கு எழுந்து போனேன், 7.26-க்கு எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது.

அதோடு பந்திக்கு வரச் சொன்னார். நான் போகவில்லை.

ஆராதனை முடிந்ததும் லிவிங்ஸ்டன் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடும்வே. என்னைக்கோ நடந்தது. இப்ப நீர் குடிக்கலையே. உம்ம விட்டா குட்டியார் வேலை பார்க்க எனக்கு ஆள் யாரு?" என்றார். அவர் மனைவி, சாப்பாடு கொடுத்துவிடட்டுமா என்று கேட்டார்கள். வேலை போகவில்லை. வீடு போகவில்லை. பதினோரு வருஷமாக நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

வெஸ்டிரியில் ஐயா பதிவேட்டை எடுத்தார். ஒழுங்கில் வைத்த தேதி, காரணம், மன்னிப்புக் கேட்ட தேதி என்று மூன்று கட்டம். குற்றமே செய்யாதவளுக்கு அதில் கட்டம் இல்லை. அண்ணாச்சி, மூன்றாவது கட்டத்தில் இன்றைய தேதியைப் போட்டுவிடலாம் என்றார். ஐயா முடியாது என்று சொல்லி, அந்த வரி முழுவதையும் அடித்து, ஓரத்தில் இவர் நிரபராதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அண்ணாச்சியையும் போடச் சொன்னார். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போட்டார்.

கல்லில் எந்த வசனம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று பெனினாவிடம் சொன்னார்கள். "இப்ப நீங்க குடுக்குற வசனம் வேண்டாம் ஐயா. அவங்க பேரு மட்டும் போதும்" என்றாள்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

மணி இல்லை. மும்மணி ஆராதனை. தண்ணீர்க் குடம் மூன்று வைத்தேன்.

ஏப்ரல் 4, சனி

ஐயாவிடம், நாளைக்கு மட்டும் எனக்கு வேலையிலிருந்து விடுப்பு வேண்டும், கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும் என்று கேட்டேன். அவருக்கு மனது கஷ்டப்பட்டது.

"அண்ணே, ஆறு வாரமா நான் சொன்னது அதுக்கா? அவரு செலுத்தி முடிச்சாச்சு. நீங்க போய் உக்காந்து அதுல ஒண்ணும் கூட்ட முடியாது."

"செலுத்தப் போகலை ஐயா. அவ இருந்த இடத்துல ஒரு நாள் இருந்து பார்க்கணும்."

பிறகு சரி என்றார். பந்திக்கு ஆள் அனுப்புகிற வேலையை லிவிங்ஸ்டன் அண்ணாச்சி பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

விடியற்காலை மணி நான்தான் அடித்தேன். அதற்குப் பிறகு கை கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பெனினா முன்னால் மூன்றாவது வரிசையில் இருந்தாள்.

பந்திக்கு ஆள் அனுப்புகிற வேலையைப் பற்றி இந்த டைரியில் நான் எழுதவில்லை. என் வேலைகளில் எல்லாவற்றையும் எழுதிவிட்டு இதை மட்டும் விட்டிருக்கிறேன். நடுப்பாதையில் நின்று ஒவ்வொரு பெஞ்சாகக் கையைக் காட்ட வேண்டும், அந்த வரிசை எழுந்து போகும், அடுத்த பெஞ்சுக்கு ஓர் அடி பின்னால் வர வேண்டும். கடைசிக்கு முந்தின பெஞ்சு எழுந்ததும் நான் கையை இறக்கிவிட்டு முன்னால் திரும்பிப் போய்விடுவேன். மாதம் ஒரு முறையும் பண்டிகைகளும் சேர்த்தால் நூற்றைம்பது தடவைக்குக் குறையாது. அந்த இடத்தில் நான் ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன். அவ்வளவு தூரத்தில் அவளுக்கு என் முகம் தெரியாது, கையும் சட்டையும்தான் தெரியும் என்று வைத்திருந்தேன்.

அண்ணாச்சி ஒவ்வொரு பெஞ்சாகக் கையைக் காட்டிக்கொண்டு வந்தார். எனக்கு முன் பெஞ்சு எழுந்தது. அவர் பதினோரு வருஷமாக என்னைப் பார்த்தே பழகியவர், வழக்கம் போலக் கையை இறக்கினார். உடனே நான் இருப்பது நினைவுக்கு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

முகம் நன்றாகத் தெரிந்தது. அவர் எச்சில் விழுங்கியதும், கண்ணைத் திருப்பிக்கொண்டதும், காலையில் சவரம் செய்தபோது காதோரம் விட்டுப்போன நரைமுடியும் தெரிந்தன. நான்கு அடி தூரம்கூட இல்லை. அந்த பெஞ்சில் உட்கார்ந்தபடியே நான் அழுதேன், சத்தம் வந்துவிட்டது, முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஞானப்பூ ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்திருக்கிறாள்.